நாலு மாப்பிள்ளையும் ஒரு கிரீஸ் கன்னும்

செல்வலட்சுமியின் செல்போனை எவனாவது திருடியிருந்தால், திறந்து பார்த்த மறுநிமிஷமே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போயிருப்பான். உள்ளே அத்தனையும் துப்பாக்கி. துப்பாக்கியின் படம், துப்பாக்கியின் வயிற்றைக் கீறிக் காட்டும் படம், துப்பாக்கியைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு யாரோ ஒரு தாடிக்காரர் மணிக்கணக்கில் பேசும் வீடியோ. இருங்காட்டுக்கோட்டையில் செந்தாமரையக்கா வீட்டு மாடியறையில் அவளோடு தங்கியிருக்கும் மற்ற இரண்டு பெண்களும் ரவிக்கைக்குப் பின்கழுத்து வெட்டுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் இரண்டாம் உலக யுத்தத்தில் சப் மெஷின் கன் எதற்கு அடிக்கடி சிக்கிக்கொண்டது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆள் அப்படியொன்றும் பயங்கரமானவள் இல்லை. நாங்குநேரிப் பக்கத்துக்காரி, வயது முப்பது. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டாள். பேப்பரில் ஏந்திப் படிக்கட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். வேலை, கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை. லைனில் வரும் ஒவ்வொரு லேம்ப்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு டிரேயில் போட வேண்டும். எரியுமா என்றால் எரியும். இருந்தாலும் சிவப்பு டிரேதான்.

எல்லாம் கம்பெனியில் நடந்த ஒரு தரக்கட்டுப்பாட்டு வார விழாவில் ஆரம்பித்தது. பேச வந்த பெரியவர், சாம்பார் சாதம் சாப்பிட்டுக் கண்சொக்கிக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து, "யுத்த காலத்தில் அமெரிக்காவில் உங்களைப் போலவே கார் லேம்ப் செய்த ஒரு கம்பெனி ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தது தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. செல்வலட்சுமி மட்டும் முழித்துக்கொண்டாள். லேம்ப் அடிக்கிற பிரஸ்ஸில் துப்பாக்கியா?

அடிக்கலாம் என்று அன்று சாயங்காலமே தெரிந்துபோயிற்று. அந்தக் காலத்து ஹெட்லைட் தகட்டுக் கிண்ணம். தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் கிண்ணம். அச்சை மாற்றி அழுத்தினால் துப்பாக்கியின் பாதி உடம்பு. இரண்டு பாதியையும் சேர்த்து ஓரத்தில் வெல்டிங் அடித்தால் முழு உடம்பு. பார்ப்பதற்கு மெஷினுக்கு மசகு அடிக்க மெக்கானிக் வைத்திருக்கும் கிரீஸ் கன் போலவே இருந்ததால் சிப்பாய்களும் 'கிரீஸ் கன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து மற்றவற்றுக்குப் போனாள். ஒன்றோடொன்றை ஒப்பிட ஆரம்பித்தாள். ஒப்பிடுவதற்கு அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். ஊரில் அவளுக்கு ஆறு வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரன், அமெரிக்காவின் தாம்சன். ஜமீன் வீட்டுப் பிள்ளை. இரும்புக் கட்டியைக் கடைந்து கடைந்து எடுத்த உடம்பு, பாலிஷ் போட்ட மரக் கைப்பிடி, தூக்கினால் தோள் இறங்கிப்போகும் கனம். 'சீர் செஞ்சே நம்ம வீடு காலியாயிரும்' என்று தள்ளிவிட்டாள். அமெரிக்க அரசாங்கமும் செலவுக் கணக்கைப் பார்த்து ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தது. அப்புறம்தான் லேம்ப் கம்பெனிக்கு ஆள் அனுப்பியது.

இரண்டாவது, இங்கிலாந்தின் ஸ்டென். பிரான்சுக் கடற்கரையில் ஆயுதங்களை எல்லாம் போட்டுவிட்டு அந்த நாட்டுப் படை ஊர் வந்து சேர்ந்த கையோடு அவசரமாகச் செய்தது. ஒரு குழாய், கொஞ்சம் தகடு, ஒரு ஸ்பிரிங். பொம்மைக் கம்பெனிக்காரர்கள்கூட செய்து கொடுத்தார்கள். ஏழை, உழைப்பாளி, வரதட்சணை கேட்காத பிள்ளை. ஆனால் முன்கோபி. தொப்பென்று கீழே வைத்தால் தானே வெடிக்கும். வெடிக்க வேண்டிய நேரத்திலோ தொண்டையில் குண்டு சிக்கி, பெண் வீட்டார் முன்னால் வாயடைத்த மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

மூன்றாவது, ஜெர்மனியின் எம்.பி. நாற்பது. பின்கட்டையை மடக்கி வைத்துக்கொள்ளும் அடக்கமான பையன், எந்நேரமும் இஸ்திரி போட்ட தோற்றம். உலகமே அவனை ஸ்மைசர் வீட்டுப் பிள்ளை என்றது. விசாரித்தால், அவனை உருவாக்கியது ஸ்மைசர் இல்லை. குண்டுப் பெட்டியில் அந்தப் பெயர் பொறித்திருந்தது, அவ்வளவுதான். தகப்பன் பெயரிலேயே குழப்பம், சேர்க்கையோ அதைவிட மோசம். நீக்கிவிட்டாள்.

நான்காவது, ரஷ்யாவின் பி.பி.எஸ்.எச். சாப்பாட்டுப் பிரியன். இடுப்பில் தூக்குப் போணி மாதிரி வட்டமாக ஒரு டிரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதைக் காலி செய்துவிட்டு அடுத்ததுக்கு நிற்பான். சேறோ பனியோ, எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் வேலை பார்ப்பான். சிப்பாய்கள் அவனை 'அப்பா' என்று செல்லமாகக் கூப்பிட்டார்களாம். செல்வலட்சுமிக்கு அங்கேதான் இடித்தது. கட்டிக்கப் போகிறவனை எப்படி அப்பா என்று கூப்பிட?

மிச்சமிருந்தது கிரீஸ் கன். அழகு கிடையாது. மற்றவர்கள் படபடவென்று பொரிந்து தள்ளும்போது, இவன் ஒவ்வொரு குண்டாக யோசித்து யோசித்து, டொக், டொக், டொக். பக்கவாட்டில் ஒரு மூடி; அதைச் சாத்திவிட்டால் சுடவே சுடாது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் டாங்கிக்காரர்கள் அவனை விடாமல் கூடவே வைத்திருந்தார்கள்.

இப்படி அவள் சொல்லக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது இடது கையைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொள்வாள்.

அந்தக் கையில் நடுவிரலின் மேல்கணு கிடையாது. ஊரைவிட்டு வந்த புதிதில், ஒரகடம் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று யாரோ கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மெஷின் நிற்கவில்லை. பிற்பாடு வந்த வரன்கள் நின்றுபோயின. "பொண்ணு லட்சணமா இருக்கு, ஆனா..." என்று இழுத்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்துப் போவார்கள்.

அதனால்தான் அந்த வீடியோக்களில் அவள் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். துப்பாக்கியின் எடை சொன்னார்கள், வேகம் சொன்னார்கள், விலை சொன்னார்கள், எத்தனை லட்சம் செய்தார்கள் என்று சொன்னார்கள். அந்தத் தகட்டைப் பிரஸ்ஸுக்குள் நீட்டிய பெண்களுக்குப் பத்து விரலும் மிஞ்சியதா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யுத்த காலத்துத் தொழிற்சாலையில் தலையில் துணி கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் கைகளைப் பார்ப்பாள். பெரிதாக்கப் பெரிதாக்க, விரல்கள் கட்டம் கட்டமாகிக் கரைந்துபோகும்.

இந்த விஷயத்தை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். மெயின்டனன்ஸ் அறிவுமதி, வாலாஜாபாத்துக்காரன். கையில் எந்நேரமும் கிரீஸ் கன். மெஷினுக்குள் கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். பேச்சும் அப்படியே. முதல் தடவை இவள் போய், "உங்க கையில இருக்கது மாதிரியே ஒரு துப்பாக்கி இருக்கு, தெரியுமா?" என்று கேட்டபோது கையைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் டீ நேரத்தில் வந்து, "எந்தப் பக்கத்துல இருந்து பாத்தா?" என்றான்.

அப்புறம் தினமும் டீ நேரத்தில் துப்பாக்கிதான். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒரு நாள் அவனே வாயைத் திறந்தான்.

"ஏங்க லட்சுமி, இதெல்லாம் யாரைச் சுட்டுச்சு?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வீடியோவில் அதையும் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லாததை அவளும் கேட்டதில்லை. டீ ஆறியது. "தெரியலையே" என்றாள்.

"தெரிஞ்சுக்கினா பாக்க முடியாதுன்னு சொல்லல போல கீது" என்றான் அவன்.

மறுநாள் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அவனிடம் காட்டி, தான் எதைத் தேடுகிறாள் என்பதைச் சொன்னாள். அவன் போனை வாங்கி டீ நேரம் முழுக்கப் பார்த்தான். மணி அடித்த பிறகும் கொடுக்கவில்லை.

"இங்க பாருங்க. ஓரமா நிக்குதே, இந்தம்மா. எல்லாரும் கையை மேஜை மேல வச்சிக்கினு கீறாங்க. இது மட்டும் ஒரு கையை ஏப்ரனுக்குள்ள வுட்டுக்கினு நிக்குது."

செல்வலட்சுமி பார்த்தாள். நூறு தடவை பார்த்த படம். ஓரத்தில், கொஞ்சம் சிரித்த முகத்தோடு, இடது கையை மறைத்துக்கொண்டு ஒருத்தி. வெறுமனே குளிருக்காகக்கூட விட்டிருக்கலாம். செல்வலட்சுமி தன் கையைத் துப்பட்டாவிலிருந்து வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டு, "டீ வேற சொல்லட்டா?" என்றான். இவன்தான் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். அவனும் ஒரு மாதம் யோசித்துவிட்டு அதே முடிவுக்கு வந்தான்.

வீட்டில் சொல்வதற்குள் தொலைக்காட்சி சொல்லிவிட்டது. போன தீபாவளிக்கு ஊரில் வாங்கிய புது டிவியில் செல்வலட்சுமிதான் தன் போன் கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதனால் இவள் இங்கே எதைப் பார்த்தாலும், அம்மா அங்கே பக்திப் பாட்டு கேட்க டிவியைப் போட்டதும், 'உங்களுக்காக' என்று சொல்லித் துப்பாக்கிகளாக வரிசை கட்டி நின்றன. அம்மா பயந்துபோய் மகன் இசக்கிபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இசக்கிபாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், எதையும் பின்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிற சுபாவம். தங்கைக்குப் போன் போட்டான். பேசி முடித்து இவள் இணைப்பைத் துண்டிக்க மறந்து, கையில் போனோடு கீழ் வீட்டுச் செந்தாமரையக்காவிடம் பேசப் போய்விட்டாள்.

"அந்த வாலாஜாபாத் தம்பி எப்பிடிமே?" என்று அக்கா கேட்பதும், "அவிய கன் இல்லாம ஒரு நாளும் வெளிய வரமாட்டாவ. நேத்துகூட போன இடத்துல எல்லாத்துக்கும் அடிச்சுப்போட்டுத்தான் வந்தாவ" என்று தங்கை பெருமையாகச் சொல்வதும் நாங்குநேரியில் தெளிவாகக் கேட்டது.

இசக்கிபாண்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினான்.

வந்ததும் சொன்னான். ஊரில் ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இவள் கூடவே கிளம்பி வர வேண்டும். இந்தத் துப்பாக்கிக்காரனை ஒரு தடவை நேரில் பார்த்து, எச்சரித்துவிட்டுப் போவதற்குத்தான் தான் வந்திருப்பது. செல்வலட்சுமி துப்பாக்கி வேறு, கிரீஸ் கன் வேறு என்று ஆரம்பித்தாள். ஆனால் அதே பெயரில் ஒரு துப்பாக்கி இருந்ததையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அண்ணனுக்குத் தலை சுற்றியது. "ஏட்டி, நீ பேசாம இரு" என்றான்.

அறிவுமதி மத்தியானம் வந்தான். செந்தாமரையக்கா தன் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். செல்வலட்சுமி அடுப்படி வாசலில் நின்றாள். இசக்கிபாண்டி தொண்டையைச் செருமினான்.

"தம்பி, சுத்தி வளைக்காம நேரா கேக்கேன். உங்ககிட்ட கன் இருக்கா?"

அறிவுமதி யோசித்தான். "கீதுண்ணா."

"சொந்தமா?"

"கம்பெனிதுதாண்ணா. ஆனா என்னுத வேற யாரும் தொட்டா எனக்குப் புடிக்காது."

இசக்கிபாண்டி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். "தெனமும் அடிப்பியளோ?"

"காலைல வந்தவொடனே ஒரு ரவுண்டு அடிச்சிருவேண்ணா. ஞாயித்துக்கெழமைன்னா, மொத நாளே சொல்லிட்டாங்கன்னா, ஓட்டி போட்டு அடிப்பேன்."

ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையை இந்தப் பக்கத்தில் ஓட்டி என்றுதான் சொல்வார்கள். நாங்குநேரிக் காதில் அது மூன்று தனித்தனி வேலையாக விழுந்தது: ஓட்டி, போட்டு, அடிப்பேன்.

"ஓட விட்டுக் கீழ போட்டு அடிப்பியளா?" என்று இசக்கிபாண்டி எழுந்தேவிட்டான். "மொத நாளே ஆள் சொல்லிருவாங்களா?"

"சூப்பர்வைசர் சொல்லுவாருண்ணா."

செந்தாமரையக்காவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அய்ய, குந்துப்பா. மெஷினுக்கு கிரீஸ் அடிக்கிறது அது. இது மூஞ்சிய பாத்தா ஓட வுட்டு அடிக்கிற மூஞ்சியாவா கீது? பஸ்ஸுக்கே ஓடாது இது."

இசக்கிபாண்டி உட்கார்ந்தான். தப்பு தன்மேல் என்று தெரிந்த மனிதனுக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறத்தானே செய்யும்.

"சரி, இருக்கட்டும். அதுக்காக நான் குடுத்த வாக்கை என்ன செய்ய? அந்த வரன் நல்ல இடம். அவிய போட்டோ மட்டுந்தான் பாத்திருக்காவ. கை விசயம் தெரியாது. நிச்சயத்தன்னைக்கு மாலையைப் போட்டு, கையில ஒரு பூச்செண்டைக் குடுத்து ஒப்பேத்திரலாம்னு..."

"பொறவு?" என்றாள் செல்வலட்சுமி. அடுப்படி வாசலைத் தாண்டி வந்திருந்தாள்.

"பொறவு என்ன, தாலி கட்டினப் பொறவு என்ன சொல்லப்போறாவ?"

"காலம்பூரா பூச்செண்டை வச்சுக்கிட்டுத்தான் சோறு பொங்கணுமா அண்ணே? நான் கம்பெனியில அந்த வேலைதான் பாக்கேன். கீறலை மறைச்சு அனுப்புனா என்னிக்காவது திரும்பி வரும். சரக்குன்னா திருப்பி வாங்கிக்கிடலாம். என்னையத் திருப்பி விட்டா நீ என்ன செய்வ?"

 இசக்கிபாண்டி கெட்டவன் இல்லை. ஆறு வருஷமாகக் காபி கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போனவன். அறிவுமதி பக்கம் திரும்பினான்.

"நீரு பாத்திருக்கீரா இவ கையை?"

அறிவுமதி வழக்கம்போல் யோசித்தான். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று போய் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"பாத்துக்கீறேண்ணா" என்றான். "பாத்ததுல இருந்து ஒண்ணுதான் தோணிக்கினே கீது. அன்னிக்கு அந்த பிரஸ்ஸுக்கு எவன் மெயின்டனன்ஸு? சென்சாருல கம்பிய கட்டுறப்போ அவன் எப்பிடி சும்மா நின்னான்?"

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். செந்தாமரையக்கா உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். இசக்கிபாண்டி குடித்தான், சொம்பைக் கீழே வைத்தான்.  தங்கைக்கு விரல் போன நாளில் அவன் ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன். இந்தக் கேள்வியை அன்றைக்கு அவன் கேட்டிருக்கவில்லை. யாரும் கேட்டிருக்கவில்லை.

"நான் கெளம்புதேன்" என்றான் கடைசியில். "விடிஞ்சா வேன் எடுக்கணும்."

தங்கையைக் கூட வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அறிவுமதி எழுந்து, "கிளாம்பாக்கம் வரைக்கும் நான் கொண்டாந்து வுடறேண்ணா" என்றான். இசக்கிபாண்டி மறுத்துப் பார்த்தான். தெற்கே போகும் பஸ்கள் எல்லாம் இப்போது அங்கிருந்துதான். இங்கிருந்து நாலு வண்டி மாறணும். வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினான்.

 செல்வலட்சுமி மாடிக்கும் வாசலுக்கும் நடந்தாள். அன்றைக்குத் துப்பாக்கி எதையும் பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்தபோது போன் அடித்தது, அண்ணன்.

"ஏட்டி, பஸ் ஏறிட்டேன். சன்னல் சீட்டு." கண்டக்டரிடம் சில்லறை வாங்கிக்கொள்ளும் சத்தம். "என்ன மனுசன்ட்டி அவன்? ஒரகடத்துல இருந்து வண்டலூர் வரைக்கும் லாரிக்காரன் பூராவும் ஆரன் அடிச்சுத் திட்டுதான். இவன் காதுல வாங்கல. ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, ரெண்டு பக்கமும் பாத்து... நான் பஸ் போயிரும்னு மணியைப் பாத்துக்கிட்டே வாரேன்."

"கோவமா அண்ணே?"

"நான் ஊராம்பிள்ளைகளை வச்சு வேன் ஓட்டுதவன். எவன் பின்னால உக்காந்தா உசுருக்குப் பயமில்லைன்னு எனக்குத் தெரியாதா?" குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த வரன் வீட்டுக்கு நானே சொல்லிக்கிடுதேன். அம்மாவையும் நான் பாத்துக்கிடுதேன். உன் மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கேன். பதிலே இல்ல. அதுக்குள்ள பஸ்காரன் எடுத்துட்டான். வைக்கேன்."

வைத்துவிட்டான். உன் மாப்பிள்ளை என்றா சொன்னான் என்று அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருவிளக்கு போடும் நேரத்துக்கு அறிவுமதி வந்து சேர்ந்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்க்கும் வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

"அண்ணன் என்ன கேட்டாவ?"

"வூட்டுல பெரியவங்களை கூட்டிக்கினு எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மாவுக்கு எந்த நாள் தோதா இருக்கும், லீவு குடுப்பானா, உங்க ஊருக்கு ரயிலா பஸ்ஸான்னு யோசிச்சிக்கினே இருந்தேன். அதுக்குள்ள பஸ்ஸு பூட்ச்சு."

செல்வலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணன் எண்ணை அழுத்திப் போனை அவன் காதருகே நீட்டினாள். நீட்டிய கையை அவன் கொஞ்சம் பிடித்துக்கொண்டான். மணி இரண்டு தடவை அடித்தது. மறுமுனையில் யாரென்று கேட்பதற்குக்கூட அவன் இடம் கொடுக்கவில்லை.

"வரோம்ணா" என்றான்.